சேலம் விமான நிலையம்: இன்னும் அரசுப் பணம் போடலாமா, போட்டது போதுமா?

ஓமலூரான்

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, இங்கே கேட்டுவிடுகிறேன்.

நம் சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்தைப் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்க்கிறேன். 1993-ல் திறந்தார்கள். கொஞ்ச காலம் ஒரு தனியார் விமானம் வந்து போனது, ஆள் ஏறவில்லை என்று நின்றுவிட்டது. பிறகு வருடக்கணக்கில் ஓடுபாதை வெயில் காய்ந்தது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போனது. 2018 மார்ச் 25-ஆம் தேதி, சின்ன ஊர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ஆக, மூன்று முறை படுத்து நான்காவது முறை எழுந்த நிலையம் இது.

இப்போது ஓடுபாதை 1,806 மீட்டர். ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்க முடியும். ஏர்பஸ் மாதிரி பெரிய விமானம் இறங்க வேண்டும் என்றால் ஓடுபாதையை நீட்ட வேண்டும், அதற்குச் சுமார் 570 ஏக்கர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். நிலம் மாநில அரசு தரும், கட்டுமானம் மத்திய அரசின் விமான நிலைய ஆணையம் செய்யும். இரண்டுமே நம் பணம்தான்.

போடலாமா, வேண்டாமா? உணர்ச்சிவசப்படாமல் சொல்லுங்கள். 'சேலத்துக்கு ஒரு கௌரவம் வேண்டாமா' என்ற பதில் மட்டும் வேண்டாம். கௌரவத்துக்கு ஏற்காடு இருக்கிறது.

கொலுசுப்பட்டறை

கட்டாயம் போட வேண்டும் என்பது என் கட்சி. காரணம் கௌரவம் இல்லை, பிழைப்பு.

எங்களுக்கு வெள்ளிக் கொலுசு வேலை. ஹைதராபாத்தில் நான்கு கடைகளுக்குச் சரக்கு கொடுக்கிறோம். முன்பெல்லாம் ஒரு கடைக்காரரைப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் ரயிலில் ஒரு ராத்திரி, பேச ஒரு பகல், திரும்ப ஒரு ராத்திரி. இல்லையென்றால் காரில் பெங்களூரு விமான நிலையம். அது சேலத்திலிருந்து 230 கிலோமீட்டர் தள்ளி, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நெரிசலில் மாட்டினால் ஐந்து மணி நேரம். காமலாபுரத்தில் ஏறிய முதல் நாள் பட்டறையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைக்காரரே நம்பவில்லை.

ஒரு கசப்பும் உண்டு. ஒருமுறை நுழைவாசலில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது போனில் செய்தி வந்தது, இன்றைய விமானம் ரத்து என்று. பையில் ஆர்டருக்கான மாதிரிகள். அங்கிருந்தே வாடகைக் கார் பிடித்துக் கோவைக்கு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது விமானம் போய்விட்டது. எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, யாருக்கும் நடக்கும். ஆனால் அன்றிலிருந்து முக்கியமான வேலை என்றால் பெங்களூரு வழிதான் போகிறேன். காலாறப் போகும் வேலைக்குத்தான் காமலாபுரம்.

ரயில்பிரியன்

கொலுசு அண்ணா, நீங்கள் சொன்ன கடைசி இரண்டு வரியிலேயே தீர்ப்பு இருக்கிறது.

ஹைதராபாத்தை விடுங்கள். சேலம் நிலையத்துக்கு ஒவ்வொரு முறை உயிர் கொடுக்கும்போதும் எல்லோர் வாயிலும் வருவது சென்னை. வரிசையாக எண்ணிப் பார்ப்போம். ஊருக்குள்ளிருந்து காமலாபுரம் 20 கிலோமீட்டர், அரைமணிக்கு மேல். ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போக ஒரு மணி நேரம். ஆகமொத்தம் மூன்றரையைத் தாண்டிவிட்டது. 2023 ஏப்ரல் 8-ல் ஓட ஆரம்பித்த வந்தே பாரத்தில் சேலம் ஜங்ஷனில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் சென்ட்ரல். வழியில் மடிக்கணினியைத் திறந்து வேலையும் பார்க்கலாம். மழை வந்தாலும் ரயில் வரும்.

அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்க அரசு மானியம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பணத்தில் சேலம் ஜங்ஷனில் நகரும் படிக்கட்டு ஒழுங்காக ஓடினால் போதும்.

வரவுசெலவு

நான் கணக்குப் பிள்ளை. பத்தி பத்தியாக எழுதுவேன், மன்னிக்க வேண்டும்.

'அரசுப் பணம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறோம். அதில் குறைந்தது மூன்று பை இருக்கிறது.

முதல் பை, கட்டுவதற்கான பணம். பழைய நிலையங்களைத் தூசு தட்டுவதற்கு 2017-ல் மத்திய அமைச்சரவை 4,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒருமுறை போட்டால் போட்டதுதான், திரும்ப வராது.

இரண்டாவது, பறப்பதற்கான பணம். உடானில் விமானத்தின் பாதி இருக்கைகளை (அதிகபட்சம் 40) கட்டுப்படுத்திய விலையில் விற்க வேண்டும். திட்டம் ஆரம்பித்தபோது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். அதனால் வரும் துண்டை நிறுவனத்துக்கு ஈடுகட்டுகிறார்கள். அதில் மத்தியப் பங்கு 80, மாநிலப் பங்கு 20. மத்தியப் பங்குக்கான பணம் பெரும்பாலும் பெரிய தடங்களில் பறக்கும் விமானங்களின் மீது போடும் கட்டணத்திலிருந்து வருகிறது. சென்னையிலிருந்து டெல்லி போகிறவர் தனக்கே தெரியாமல் சேலத்துக்காரருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுக்கிறார். இந்த ஈடு ஒரு தடத்துக்கு மூன்று வருடம்தான்.

மூன்றாவது பை யார் கண்ணிலும் படாது. அது விட்டுக்கொடுத்த பணம். உடான் நிலையத்தில் நிரப்பும் எரிபொருளுக்கு மாநில வரி 1 சதவீதம்தான். தமிழ்நாட்டில் மற்ற இடத்தில் 29 என்பதை நினைவில் வையுங்கள். காவலும் தீயணைப்பும் மாநிலம் இலவசமாகத் தர வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் சலுகை விலையில். இன்னொன்று தெரியுமா? 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானத்துக்கு ஆணையத்தின் நிலையங்களில் தரையிறங்கும் கட்டணமே கிடையாது. இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கை. ஆக விமானம் இறங்கினாலும் நிலையத்துக்கு அந்த வகையில் காசு வராது.

இப்போது சேலத்துக்கு ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு ஏடிஆர் வந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். 78 இருக்கை, வர ஒருமுறை, போக ஒருமுறை, 365 நாள். மொத்தம் 56,940 இருக்கை. ரத்தே ஆகாமல், எண்பது சதவீதம் நிரம்பினால் 45,500 பயணிகள். ஐரோப்பிய ஆணையம் 2014-ல் விமான நிலைய மானியத்துக்கு விதிமுறை வெளியிட்டது. வருடத்துக்கு 2 லட்சம் பயணிகளுக்குக் கீழே இருக்கும் நிலையம் அன்றாடச் செலவில் பெரும்பகுதியைக்கூடத் தானாகச் சம்பாதிக்காது என்கிறது அது. 7 லட்சம் வரையிலும் கஷ்டம்தான். 10 லட்சத்தைத் தாண்டினால்தான் கொஞ்சம் மூச்சு விடலாம், 30 லட்சத்துக்கு மேல் பொதுவாக லாபம். நாடு வேறு, சம்பளம் வேறு, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த ஏணியில் நாம் எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்று பார்க்கலாம். முதல் படிக்கே நாளைக்கு நாலைந்து ஏடிஆர் வேண்டும்.

ஹைதராபாத்_சேலத்தான்

வரவுசெலவு அண்ணா சொல்வது சரிதான், ஆனால் அது நின்று போன கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வது போல இருக்கிறது. விரல்விட்டு எண்ணும் விமானங்கள், அதுவும் நினைத்த நேரத்துக்கு மாறும் அட்டவணை. அதை வைத்து ஊருக்குத் தேவை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும் திறக்கும் கடையில் காலையில் கூட்டம் இல்லை என்பதைப் போல.

சேலத்தை மட்டும் பார்க்காதீர்கள். நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியின் ஒரு பகுதி, ஈரோட்டின் ஒரு பகுதி, கள்ளக்குறிச்சிப் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இருக்கிறதா? அந்த முதலாளிகள், மேனேஜர்கள் மாதம் எத்தனை முறை வடக்கே பறக்கிறார்கள்? என்னைப் போல ஐடி வேலையில் வெளியூரில் இருப்பவர்கள் தனி. எல்லோரும் இப்போது பெங்களூரு, கோவை, திருச்சி என்று சிதறிப் போகிறோம். சேலம் கணக்கில் நாங்கள் வருவதே இல்லை.

டெல்லி, மும்பைக்கு நேரடி விமானம் வேண்டும். ஏடிஆரில் அவ்வளவு தூரம் போக முடியாது, போனாலும் யாரும் உட்கார மாட்டார்கள். அதற்கு ஏர்பஸ், அதற்கு நீளமான ஓடுபாதை.

கோபுரம்_ஓய்வு

நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேலத்தில் வேலை பார்த்ததில்லை, அதனால் அந்த நிலையத்தின் உள்விவகாரம் கேட்காதீர்கள். ஓடுபாதை நீளம் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இதில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்.

'இன்னும் ஒரு கிலோமீட்டர் தார் போட்டால் முடிந்தது' என்று நினைக்கிறார்கள். தார் போடும் இடம்தான் சின்னது. பெரிய விமானம் கருவி வழிகாட்டலோடு இறங்கும் ஓடுபாதைக்கு, நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 140 மீட்டர் சமதளமாக, காலியாக இருக்க வேண்டும். அதாவது 280 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. உதாரணத்துக்கு 2,500 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பட்டைக்கு மட்டும் 173 ஏக்கர். அதற்குப் பிறகு இரண்டு முனையிலும் 60 மீட்டர், அதையும் தாண்டி விமானம் ஓடிவிட்டால் தாங்கும் பாதுகாப்புப் பகுதி. அது 90 மீட்டராவது கட்டாயம், 240 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. 2020 ஆகஸ்ட் 7-ல் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டிப் போய் விமானம் பள்ளத்தில் விழுந்ததே, அதற்குப் பிறகு யாரும் இதில் விட்டுக்கொடுக்கச் சொல்லி வாய் திறக்க மாட்டார்கள். விமானம் நிறுத்தும் தளம், இணைப்புப் பாதை, தீயணைப்பு, மிரட்டல் வந்தால் விமானத்தைத் தனியாகக் கொண்டுபோய் நிறுத்த ஓர் இடம், எல்லாம் இதற்கு மேல். ஏக்கர் ஏன் இப்படி ஏறுகிறது என்பதற்கு இதுதான் காரணம். யாரோ ரியல் எஸ்டேட்காரர் கேட்டு வாங்கிய எண் இல்லை.

அடுத்தது வெயில். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி உயரம். சித்திரை வெயிலில் காற்று மெலிந்துவிடும், இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும், என்ஜினுக்கும் இழுப்பு குறையும். சென்னையில் ஒரு ஏ320 ஏர்பஸ் எழும்பும் தூரத்தில் சேலத்தில் மத்தியானம் எழும்பாது. அரைகுறையாக நீட்டினால் என்ன ஆகும் என்றால், விமானம் வரும், ஆனால் முப்பது இருக்கையைக் காலியாக விட்டுக்கொண்டு கிளம்பும். காலி இருக்கையோடு பறந்தால் நிறுவனத்துக்கு நஷ்டம், ஆறு மாதத்தில் போய்விடும். நீட்டுவதென்றால் முழுசாக நீட்ட வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது.

ஏடிஆருக்கு இப்போது இருப்பதே தாராளம்.

பொட்டியபுரம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். 173 ஏக்கர், 570 ஏக்கர் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. அதில் இரண்டேகால் ஏக்கர் எங்களுடையது.

பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி, காமலாபுரம் என்று செய்தியில் பெயர் வருமே, அதே ஊர்தான். எங்கள் தோட்டத்தில் முக்கால் ஏக்கர் குண்டுமல்லி, மீதி தென்னையும் சோளமும். விடிகாலை நாலு மணிக்கு அம்மாவும் அத்தையும் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பூ எடுப்பார்கள். ஆறு மணிக்குள் மொக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், விரிந்துவிட்டால் விலை பாதி. 900 அடிக்குப் போர் போட்டுக் கடன் வாங்கிக் காப்பாற்றுகிற தோட்டம். அளவெடுக்க வருகிறார்கள் என்று ஒரு நாள் பேச்சு கிளம்பினால் அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். வங்கியிலும் நிலத்தின் மேல் கடன் கேட்டால், 'அது ஏர்போர்ட்டுக்குப் போகிற இடமாச்சே' என்று இழுக்கிறார்கள். எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. விற்கவும் முடியாது, புதுசாகக் கிணறு வெட்டவும் மனசு வராது.

2013 நிலம் எடுப்புச் சட்டப்படி கிராமத்தில் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கி, அதற்குச் சமமாக ஆறுதல் தொகையும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் பத்திரத்தில் எழுதிய மதிப்புதானே சந்தை மதிப்பு? எங்கள் பக்கம் உண்மை விலைக்கு யார் பத்திரம் போட்டார்கள்? அந்தப் பணத்தில் இதே தண்ணீர், இதே மண்ணோடு இரண்டேகால் ஏக்கர் ஓமலூர் வட்டத்தில் வாங்கிக் கொடுங்கள், நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

இந்த நிலையத்தை முதலில் கட்டினபோதும் எங்கள் ஊர்களில்தான் நிலம் எடுத்தார்கள். கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு பல வருடம் அந்த வேலிக்குள் ஒரு விமானம்கூட வராததைப் பார்த்துக்கொண்டே ஆடு மேய்த்தார்கள். அதனால்தான் கோபம்.

ரயில்பிரியன்

தம்பி, இதற்கு மேல் இந்த இழையில் 'சும்மா கிடக்கிற நிலம்' என்று யாராவது எழுதினால் நானே புகார் செய்கிறேன்.

முத்துநகர்

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வாகைக்குளம் விமான நிலையம் கண் முன்னால் இருக்கிறது.

எங்களுக்கு ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்தது, உங்களைவிடச் சின்னது. அதிலேயே ஏடிஆர் வந்து போய்க்கொண்டிருந்தது. கூட்டம் தாங்காமல்தான் நீட்டினார்கள். மாநில அரசு 600 ஏக்கருக்கு மேல் கொடுத்தது. இப்போது 3,115 மீட்டர். சுமார் 450 கோடி செலவில் புது முனையம் வந்தது, 17,340 சதுர மீட்டர், வருடத்துக்கு 20 லட்சம் பேரைத் தாங்கும். 2025 ஜூலை 26-ல் பிரதமர் திறந்து வைத்தார். பழைய முனையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்யாண மண்டபத்தில் பாதி இருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குத் துறைமுகம் இருக்கிறது, சென்னைக்கு ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க ஆகும். அறுநூறு கிலோமீட்டர். அதனால் ஏடிஆர் காலத்திலேயே ஆள் நிரம்பியது. உங்களுக்குச் சென்னை 340 கிலோமீட்டர், சுற்றி மூன்று பெரிய விமான நிலையம். எங்களைப் பார்த்து நீங்கள் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

கொலுசுப்பட்டறை

பூனை, புலி என்கிறீர்கள். சரி சரி.

ஆனால் முத்துநகர் சொன்னதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கே முதலில் ஆள் நிரம்பியது, அப்புறம் நீட்டினார்கள். இங்கே நீட்டினால் ஆள் வரும் என்கிறோம்.

ஹைதராபாத்_சேலத்தான்

எப்போதும் அப்படியே நடக்காது. பீகாரில் தர்பங்காவைப் பாருங்கள், 2020 நவம்பர் வரை பயணிகள் விமானமே கிடையாது. திறந்தவுடன் போயிங்கில் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். வசதி வந்தால்தான் தேவை எவ்வளவு என்று தெரியும்.

வரவுசெலவு

தர்பங்காவில் ஏற்கனவே விமானப்படையின் நீளமான ஓடுபாதை இருந்தது, அது ஒன்று. வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கான ஆட்கள், ரயிலில் டெல்லிக்கு ஏறக்குறைய ஒரு நாள், மும்பைக்கு அதற்கும் மேல், இது இரண்டு. நல்ல உதாரணம்தான், ஆனால் நமக்கு இல்லை. நீளமான ஓடுபாதை மட்டும் போதும் என்றால் கண்ணூரைப் பாருங்கள். 2018 டிசம்பர் 9-ல் திறந்தார்கள், 3,050 மீட்டர், அழகான முனையம். வளைகுடா முழுக்க அந்த ஊர் ஆட்கள். இருந்தும் வெளிநாட்டு நிறுவனங்கள் வர மத்திய அரசு அனுமதி தராததால், ஒரு பக்கம் கோழிக்கோடும் இன்னொரு பக்கம் மங்களூரும் இழுக்க, கடனோடு மல்லுக்கட்டுகிறது.

பரவலாகப் பார்த்தால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கைதான் முகத்தில் அறைகிறது. உடான் மூன்றாம் சுற்று வரை கொடுத்த 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று வருடத்தை முழுசாக ஓட்டியது 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தது 54. கொடுத்ததில் நூற்றுக்கு ஏழு.

இதைப் படித்துவிட்டு 'திட்டமே தோல்வி' என்று சொல்ல மாட்டேன். 54 தடம் தானாக நிற்கிறதே, அது சும்மா இல்லை. ஆனால் நூற்றுக்கு ஏழு நிலைக்கும் என்று தெரிந்த ஆட்டத்தில், தடத்துக்குக் கொடுக்கும் பணத்தைத் தாராளமாகக் கொடு, கட்டடத்துக்கும் நிலத்துக்கும் போடும் பணத்தை இறுக்கிப் பிடி என்பதுதான் என் புத்திக்குப் படுகிறது. தடம் தோற்றால் மானியத்தை நிறுத்திவிடலாம். குண்டுமல்லித் தோட்டத்தைத் திருப்பி வைக்க முடியாது.

கோபுரம்_ஓய்வு

மானியத்தை நிறுத்திவிடலாம் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் 1978-ல் விமானத்துறையைத் திறந்துவிட்டபோது, சின்ன ஊர்களுக்குச் சேவை நின்றுவிடக் கூடாது என்று பத்து வருடத்துக்கு மட்டும் ஒரு மானியம் கொண்டுவந்தார்கள். இன்னும் ஓடுகிறது. எந்த எம்பி தன் ஊர் விமானத்தை நிறுத்தச் சொல்லுவார்? ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக் நிலையத்தை 2013-ல் அரசு ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. வாங்கியது ஒரு பவுண்டு, அதற்குப் பிறகு கடனாகக் கொட்டியது கோடிக்கணக்கில்.

இன்னொன்று. விமான நிலையம் என்றாலே பயணி விமானம் என்று எல்லோரும் பேசுகிறோம். விமானி பயிற்சிப் பள்ளி வைக்க 2022-ல் ஆணையம் தேர்ந்தெடுத்த நிலையங்களில் சேலமும் ஒன்று. பயிற்சி விமானத்துக்கு 1,806 மீட்டர், ஒரு வாளி தண்ணீர் கேட்டவனுக்கு வைகை அணை மாதிரி. வானமும் காலியாக இருக்கிறது, அதுதான் பெரிய விமான நிலையங்களில் கிடைக்காத சொத்து. இதில் கூட்டம் பெரிதாக இருக்காது, ரிப்பன் வெட்டவும் யாரும் வர மாட்டார்கள். ஆனால் தினமும் ஓடுபாதை பயன்படும், ஒரு ஏக்கர்கூட எடுக்க வேண்டாம்.

ஹைதராபாத்_சேலத்தான்

ஐயா, பயிற்சிப் பள்ளியில் நான் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வர முடியாதே.

ஒசூரையும் மறக்காதீர்கள். 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தது 2,000 ஏக்கர், வருடத்துக்கு 3 கோடி பயணிகள். அது வந்தால் சேலம் பேச்சே எடுபடாது. ஒன்று இப்போது, இல்லையென்றால் எப்போதும் இல்லை.

வரவுசெலவு

பெங்களூரு நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் தவிர 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 25 வருடத்துக்குப் புது நிலையம் கூடாது என்று இருக்கிறது. அது 2008-ல் திறந்தது, ஆக 2033 வரை ஒசூருக்குக் கால்கட்டு. அவசரம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. ஒசூர் வரும் என்று அரசே நம்பினால், அதற்கும் கோவைக்கும் திருச்சிக்கும் நடுவில் சேலத்துக்கு 570 ஏக்கர் எதற்கு என்று அரசேதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு கோப்பும் ஒரே கோட்டையில்தானே இருக்கிறது?

இன்னொரு சிக்கல் யாரும் தொடவில்லை. நிலத்தை எடுத்துக் காசு கொடுப்பது மாநிலம். சொத்து போய்ச் சேருவது ஆணையத்துக்கு. நாளைக்கு ஆணையம் அதைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டால்? சென்னை, திருச்சி, கோவை, மதுரை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் தமிழக அரசு தன் கொள்கைக் குறிப்பில், அப்படி விற்றால் நிலத்தின் மதிப்புக்கு ஏற்ப எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று எழுதியது. நியாயமான கோரிக்கை. அந்தப் பங்கில் நிலம் கொடுத்தவருக்கு ஒரு துண்டு உண்டா என்று கேட்டால் அதைவிட நியாயம்.

ஓமலூரான்

கேள்வி கேட்டவன் நான், ஒதுங்கி இருந்தேன். படிக்கப் படிக்க என் நினைப்பு மாறிவிட்டது. முதலில் நீட்டத்தான் வேண்டும் என்று இருந்தேன், ஒளிக்கவில்லை.

இப்போது எனக்குத் தோன்றுவது: சென்னைத் தடத்தை ரயிலுக்கே விட்டுவிடலாம். ஏடிஆர் போகக்கூடிய, ஆனால் ரயிலில் ஒரு ராத்திரி ஆகும் ஊர்களுக்கு (ஹைதராபாத் முதலில், கொச்சி அடுத்து) காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நேரம் மாறாமல் ஓட்ட வேண்டும். மானியம் கொடுப்பதென்றால் அதற்குக் கொடுக்கலாம். ரத்து செய்தால் மானியத்தில் பிடித்தம். கொலுசு அண்ணன் மாதிரி ஆள் நம்பிப் போகிற நிலைமை வந்த பிறகு எண்ணிப் பார்க்கட்டும். இத்தனை பயணிகளைத் தாண்டினால் நீட்டுவோம், தாண்டவில்லையென்றால் அறிவிப்பை வாபஸ் வாங்குவோம் என்று தேதி போட்டு எழுதிக் கொடுக்கட்டும். பொட்டியபுரம் தம்பி வீட்டில் போருக்குக் கடனாவது கிடைக்கும்.

கொலுசுப்பட்டறை

பிடித்தம் என்ற வார்த்தையை எழுதினீர்களே, அதற்காகவே ஒப்புக்கொள்கிறேன்.

ஹைதராபாத்_சேலத்தான்

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏடிஆரில் ஒருநாளும் மும்பை வராது, மும்பை வராமல் எண்ணிக்கை ஏறாது, ஏறாததைக் காட்டி நீட்ட மாட்டீர்கள். சுற்றிச் சுற்றி அதே இடம். பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

பொட்டியபுரம்

ஹைதராபாத் அண்ணா, உங்கள் மேல் கோபம் இல்லை. அம்மாவைப் பார்க்க வர வேண்டும் என்றீர்களே, அது எனக்கும் புரிகிறது.

வரவுசெலவு அண்ணனிடம் ஓர் உதவி. அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊரில் இது மறுபடி வரும். போன தடவை நாங்கள் கத்தினோம், அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள், கிளம்பிவிட்டார்கள். நீங்கள் எழுதிய அந்தப் பயணிகள் கணக்கை ஒரே தாளில், எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தர முடியுமா?

வரவுசெலவு

தருகிறேன் தம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன். நீங்கள் வாசிப்பதற்கு முன்னால் 78-ஐ இரண்டாலும் 365-ஆலும் ஒருமுறை கையால் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.